கோடு, வடிவம், டோன், நிறம்: பட்டியல் தெரிகிறது, படத்தில் எப்படிப் பார்ப்பது?

மாலைப்பென்சில் எழுதியது:

வணக்கம். யாரிடமும் போகாமல் நானாகவே ஓவியம் பழகி வருகிறேன். எந்த அறிமுகப் பாடத்தைத் திறந்தாலும் முதலில் ஒரு பட்டியல் வருகிறது. கோடு, வடிவம், கனம், டோன், நிறம், டெக்ஸ்சர், வெளி என்று ஏழு. அடுத்த பக்கத்தில் சமநிலை, முரண், தாளம், அழுத்தம், ஒருமை என்று இன்னொரு பட்டியல். ஒரு பாடத்தில் டோன் தனியாக இருக்கிறது, வேறொன்றில் அது நிறத்துக்குள் போய்விடுகிறது. சிலர் புள்ளியையும் சேர்த்துக்கொள்கிறார்கள். கேட்டால் எல்லாவற்றையும் ஒப்பித்துவிடுவேன். ஆனால் ஒரு படத்தின் முன்னால் உட்காரும்போது அதில் எதுவும் கைகொடுப்பதில்லை.

முதல் கேள்வி, இந்தப் பட்டியல்கள் ஏன் ஒன்றோடொன்று ஒத்துப்போவதில்லை? இரண்டாவது என் சொந்தப் பிரச்சினை. ஒரு ஜாடியைப் பார்த்து வரைகிறேன். அவுட்லைன் சரியாக வருகிறது, உயரம் அகலம் எல்லாம் அளந்துதான் போடுகிறேன், ஷேடிங்கும் செய்கிறேன். ஆனாலும் வெட்டி ஒட்டிய காகிதம் மாதிரி தட்டையாகவே இருக்கிறது. ஏழில் எது குறைகிறது? மூன்றாவது, பெரிய ஓவியர்களின் படங்களைப் பார்க்கும்போது எங்கிருந்து தொடங்குவது? அப்புறம் இந்தப் பட்டியல் ஓவியத்துக்கு மட்டும்தானா, சிற்பம், அச்சு, புகைப்படம் எல்லாவற்றுக்கும் பொருந்துமா?

கரித்துண்டு எழுதியது:

உங்கள் ஜாடியிலிருந்து தொடங்குகிறேன். ஓவியம் கற்றுக்கொடுப்பதுதான் என் வேலை. புதிதாக வருகிறவர்களில் பெரும்பாலோர் இதே தட்டையான ஜாடியோடுதான் வருவார்கள், அதனால் படத்தைப் பார்க்காமலேயே ஓரளவு சொல்ல முடியும்.

குறைவது டோன். ஒவ்வோர் இடத்திலும் எவ்வளவு வெளிச்சம், எவ்வளவு இருட்டு என்கிற அளவு. ஷேடிங் செய்கிறேன் என்கிறீர்கள், நம்புகிறேன். அநேகமாக முதலில் அவுட்லைனை அழுத்தமாகப் போட்டு முடித்துவிட்டு, பிறகு ஒரு பக்க ஓரத்தில் லேசாகத் தேய்த்திருப்பீர்கள். அப்படிச் செய்தால் படத்திலேயே மிக அடர்த்தியான கருப்பு அந்த அவுட்லைன்தான். அது ஜாடியைச் சுற்றி ஒரே அழுத்தத்தில் ஓடுகிறது. வெளிச்சம் படும் பக்கத்தையும் நிழல் பக்கத்தையும் ஒரே மாதிரி இறுக்கிப் பிடிக்கிறது. உள்ளே எவ்வளவு தேய்த்தாலும் அந்தப் பிடி விடாது.

நாம் பார்க்கிற ஜாடியில் கோடு என்று ஒன்று கிடையாது. ஒரு டோன் முடிந்து அடுத்த டோன் தொடங்கும் எல்லைதான் இருக்கிறது. சில இடங்களில் அந்த எல்லை கத்திபோல் கூர்மையாக இருக்கும், சில இடங்களில் கரைந்தே போய்விடும். ஹாலந்து ஓவியர் வெர்மீர் 1665 வாக்கில் வரைந்த, முத்துத் தோடு அணிந்த பெண்ணின் முகத்தைப் பெரிதாக்கிப் பாருங்கள். மூக்குத் தண்டுக்கும் அப்பாலுள்ள கன்னத்துக்கும் நடுவில் எல்லையே இல்லை. இரண்டும் ஒரே வெளிச்சத்தில் ஒன்றாகக் கலந்துவிட்டன. ஆனாலும் அங்கே மூக்கு இருப்பதை நாம் சந்தேகப்படுவதில்லை. அந்த முத்தும் அப்படித்தான். மேலே ஒரு வெள்ளைத் தீற்றல், கீழே சட்டைக் கழுத்தின் வெண்மையைத் திருப்பித் தரும் மங்கலான ஒரு தடவல், அவ்வளவுதான். காதில் மாட்டும் கொக்கிகூட வரையப்படவில்லை.

இனி செய்ய வேண்டியதைச் சொல்கிறேன். ஜாடியைக் கொஞ்ச நாள் ஓரமாக வையுங்கள். ஒரு வெள்ளைக் கோப்பையை வெள்ளைக் காகிதத்தின் மேல் வைத்து, பக்கவாட்டில் ஒரே ஒரு விளக்கை வையுங்கள். அறையின் மற்ற விளக்குகளை அணைத்துவிடுங்கள், இரண்டு விளக்கு இருந்தால் இரண்டு நிழல் விழுந்து குழப்பும். எல்லாமே வெள்ளையாக இருப்பதால் நிறம் உங்களை ஏமாற்ற வழியில்லை. கண்ணைப் பாதி மூடிக்கொண்டு பாருங்கள். சின்ன விவரங்கள் மறைந்து நாலைந்து பெரிய பரப்புகள் மட்டும் மிஞ்சும். வெளிச்சம் நேராக விழும் இடம், சாய்ந்து விழும் இடம், விளக்கின் பார்வையே படாத இடம், அந்த இருட்டுக்குள் மேசையில் பட்டுத் திரும்பி வரும் வெளிச்சம் மங்கலாகத் தடவும் இடம், கடைசியாகக் கோப்பை மேசைமேல் போடும் நிழல்.

அந்தத் திரும்பி வரும் வெளிச்சத்தில் கவனம் வேண்டும். சுற்றிலும் இருட்டு இருப்பதால் அது உண்மையில் இருப்பதைவிடப் பிரகாசமாகத் தெரியும். நம்பி அதே பிரகாசத்தில் விட்டுவிட்டால் கோப்பையின் நிழல் பக்கத்தில் ஓட்டை விழுந்ததுபோல ஆகிவிடும். நிழல் பக்கத்தில் உள்ள எந்த இடமும் வெளிச்சப் பக்கத்தின் எந்த இடத்தைவிடவும் வெளுப்பாக இருக்கக்கூடாது. வெளிர் நிறமான ஒரே பொருளை ஒரே விளக்கில் வரையும்வரை இந்த விதியை விடவே விடாதீர்கள்.

காகிதத்தின் ஓரத்தில் ஐந்து கட்டங்கள் போட்டுக்கொள்ளுங்கள். முதல் கட்டம் வெறும் காகிதம், கடைசிக் கட்டம் உங்கள் 6பி பென்சில் (மென்மையான, கருப்பு அதிகமான வகை) தரக்கூடிய முழுக் கருப்பு, நடுவில் மூன்று படி. கோப்பையின் ஒவ்வொரு பரப்பும் எந்தக் கட்டத்தில் சேரும் என்று முடிவுசெய்த பிறகே பென்சிலை வையுங்கள். எரியும் விளக்குக்கும் அறையின் இருட்டு மூலைக்கும் உள்ள தூரம் மிகப் பெரியது, வெறும் காகிதத்துக்கும் பென்சில் கருப்புக்கும் உள்ள தூரம் மிகச் சின்னது. ஆகவே கண்ணில் படும் அளவை அப்படியே காகிதத்தில் வைக்க யாராலும் முடியாது. இது அதைவிட ஒரு படி கருப்பு, அது இதைவிட இரண்டு படி வெளுப்பு என்கிற உறவை மட்டும்தான் வைக்க முடியும். அந்த உறவு சரியாக இருந்தால் கண் மற்றதை ஏற்றுக்கொள்ளும்.

முடிந்தால் பென்சிலை விட்டுவிட்டுக் கரித்துண்டை எடுங்கள். பென்சிலின் கிராஃபைட் ஓர் அளவுக்கு மேல் கருக்காது, பளபளக்க ஆரம்பித்துவிடும். கரி ஆழமான கருப்புவரை போகும். அதைவிட முக்கியம், கரியை வைத்துக்கொண்டு மெல்லிய அவுட்லைன் போடத் தோன்றாது. பரப்பு பரப்பாகத்தான் யோசிக்க வைக்கும்.

பட்டியல்கள் ஏன் ஒத்துப்போவதில்லை என்றால், அவை கற்பிக்கிறவர்கள் தங்கள் தேவைக்காகப் போட்டுக்கொண்டவை. அமெரிக்காவில் ஆர்தர் வெஸ்லி டௌ என்ற ஆசிரியர் 1899இல் மூன்றே மூன்று போதும் என்றார்: கோடு, கருமையும் வெண்மையும் பரப்புகளாக அமையும் விதம், நிறம். ஜப்பானிய அச்சுகளைப் பார்த்துப் பழகியவர் அவர், அதனால் அந்த இரண்டாவது அவருக்கு அவ்வளவு முக்கியம். ஆல்பர்ட் மன்செல் 1905இல் நிறம் என்ற ஒன்றையே மூன்றாகப் பிரித்தார்: எந்த நிறம், எவ்வளவு வெளிர், எவ்வளவு அடர்த்தி. உங்கள் பாடங்களில் டோன் சிலசமயம் நிறத்துக்குள் போவதற்குக் காரணம் இதுதான், எந்த நிறத்துக்கும் ஒரு டோன் இருக்கிறது. நம் பக்கத்தில் ஷடங்கம் என்று ஆறு அங்கம் சொன்னார்கள். உருவ வேறுபாடு, அளவு, பாவம் (உணர்ச்சி வெளிப்பாடு), லாவண்யம் சேர்த்தல், ஒப்புமை, வண்ணம் கையாளுதல். சீனத்தில் ஆறாம் நூற்றாண்டு வாக்கில் ஷியே ஹெ சொன்ன ஆறில் முதலாவதே படத்தில் உயிர்மூச்சு ஓட வேண்டும் என்பது. பாவமும் உயிர்மூச்சும் நீங்கள் படித்த ஏழில் எங்கேயும் இல்லை, பார்த்தீர்களா. அவர்கள் ஓவியத்திடம் கேட்டது வேறு.

உங்கள் இரண்டு பட்டியலுக்கும் உள்ள வேறுபாடு எளிது. கோடும் டோனும் நிறமும் காகிதத்தில் வைக்கக்கூடியவை. சமநிலையையும் தாளத்தையும் பென்சிலால் வைக்க முடியாது, வைத்தவற்றுக்கு நடுவில் அவை உண்டாகின்றன. எனவே இரண்டாவது பட்டியலை இப்போதைக்கு மூடி வையுங்கள். படம் பார்ப்பது பற்றி நாளை எழுதுகிறேன்.

மண்ணும்விரலும் எழுதியது:

சிற்பத்துக்குப் பொருந்துமா என்று கேட்டிருந்தீர்கள். களிமண்ணிலும் கல்லிலும் வேலை செய்பவள் என்ற முறையில் கொஞ்சம் சொல்கிறேன்.

பொருந்தும், ஆனால் எல்லாம் இடம் மாறிவிடும். கரித்துண்டு ஐயா சொன்ன டோனை ஓவியர் தானே போடுகிறார். நான் போட முடியாது. நான் ஒரு பள்ளத்தை எவ்வளவு ஆழமாகத் தோண்டுகிறேன், ஒரு விளிம்பை எவ்வளவு கூராக விடுகிறேன் என்பதோடு என் வேலை முடிகிறது. அதில் எவ்வளவு இருட்டு தங்க வேண்டும் என்பதை வெளிச்சம்தான் முடிவுசெய்யும். விளக்கை இடம் மாற்றினால் அதே முகம் வேறு முகமாகிவிடும். கோடும் அப்படித்தான். சிற்பத்தில் கோடு என்பது நீங்கள் நிற்கும் இடத்திலிருந்து தெரியும் வெளிவிளிம்பு. ஓர் அடி நகர்ந்தால் அது வேறு கோடு. ஒரு முழுச் சிற்பத்துக்கு எத்தனையோ அவுட்லைன், எல்லாமே சரியாக வந்தாக வேண்டும்.

புடைப்புச் சிற்பம் இரண்டுக்கும் நடுவில் நிற்கிறது. ஃப்ளோரன்ஸில் டொனாடெல்லோ 1417 வாக்கில் புனித ஜார்ஜ் சிலைக்குக் கீழே செதுக்கிய பலகையைப் பாருங்கள். கல்லில் மிக மிக மெல்லிய ஆழம்தான், பின்னணி ஏறக்குறைய கீறியது மாதிரி இருக்கும். ஆனால் தூரத்துக் கட்டடமும் மரங்களும் உள்ளே உள்ளே போகின்றன. அங்கே கல் கொடுக்காத ஆழத்தைப் பெர்ஸ்பெக்டிவ், அதாவது தூரம் போகப்போகப் பொருள்களைச் சின்னதாக்கிக் காட்டும் முறை கொடுக்கிறது, ஓவியரின் கருவியைச் சிற்பி எடுத்துக்கொண்டிருக்கிறார்.

எனக்கு மிகப் பிடித்தது வெளி. புதிதாகப் பழகுபவர்கள் இதைத்தான் கடைசியில் வைத்துக் கடந்துவிடுகிறார்கள், எனக்கு அது வருத்தம். பொருள் இல்லாத இடமும் ஒரு வடிவம். ஆங்கிலச் சிற்பிகள் பார்பரா ஹெப்வொர்த்தும் ஹென்றி மூரும் 1930களில் கல்லையும் மரத்தையும் ஊடுருவித் துளை போட்டார்கள். அந்தத் துளை வழியாகப் பின்பக்கம் தெரிகிறது, முன்னும் பின்னும் ஒன்றாகச் சேர்கிறது, சுற்றியிருக்கும் கல் எவ்வளவு தடிமன் என்று கண் உடனே புரிந்துகொள்கிறது. சோழர்காலச் செப்புத்திருமேனிகளில் ஆடும் நடராசரை எடுத்துக்கொள்ளுங்கள். கைகளுக்கும் தூக்கிய காலுக்கும் தீச்சுடர் வட்டத்துக்கும் நடுவில் உள்ள வெற்றிடங்களை மட்டும் தனியாக வரைந்து பாருங்கள். ஒன்றுபோல் ஒன்று இருக்காது, ஆனால் எதுவும் வீணாகக் கிடக்காது. ஆட்டத்தின் வேகம் பாதிக்கு மேல் அந்த வெற்றிடங்களில்தான் இருக்கிறது.

டெக்ஸ்சர் பற்றி ஒரு வார்த்தை. ஓவியத்தில் சொரசொரப்பு பெரும்பாலும் கண்ணுக்குத் தெரிவது, சிற்பத்தில் விரலுக்கும் தெரிவது. மைக்கேலாஞ்சலோ முடிக்காமல் விட்ட கைதிகளின் சிலைகள் ஃப்ளோரன்ஸில் அக்காதெமியா காட்சிக்கூடத்தில் இருக்கின்றன. பல்லுளியின் தடங்கள் அப்படியே வரிவரியாகத் தெரியும். முடிந்த தசையின் வழவழப்புக்குப் பக்கத்தில் அந்த வரிகள் இருப்பதால்தான் உடல் கல்லை விட்டு வெளியே வரப் போராடுவதாகத் தோன்றுகிறது.

உங்கள் ஜாடிக்கும் இதில் ஒரு பயிற்சி உண்டு. கைப்பிடி வைத்த ஜாடி என்றால், கைப்பிடியை வரையாதீர்கள். கைப்பிடிக்கும் உடலுக்கும் நடுவில் தெரியும் ஓட்டையின் வடிவத்தை வரையுங்கள். கைப்பிடி தானாக வந்துவிடும்.

மாலைப்பென்சில் எழுதியது:

இருவருக்கும் மிக்க நன்றி. கைப்பிடி ஓட்டை பற்றிச் சொன்னது எனக்குப் புது விஷயம். ஒரு துணைக்கேள்வி. வண்ணத்துக்கு எப்போது போகலாம்? வண்ணச் சக்கரம் தெரியும், எதிரெதிர் நிறங்கள் தெரியும். ஆனால் கலந்தால் எல்லாம் சேறாகிவிடுகிறது. இன்னொன்று, வண்ணம் கலக்கும் தட்டில் சரியாக இருந்த சாம்பல் நிறம் படத்தில் வைத்ததும் பச்சையாகத் தெரிகிறது. கண்ணில் கோளாறா?

சாயக்காரன் எழுதியது:

கண்ணில் கோளாறு இல்லை. துணிகளுக்கு டிசைன் போட்டுச் சாயம் கலப்பது என் தொழில். நீங்கள் சொல்வது எங்கள் தொழிலில் அன்றாடம்.

பாரிஸில் கோபெலான் நெசவுக்கூடத்தில் சாயப் பிரிவுக்குப் பொறுப்பாக இருந்த வேதியியலாளர் ஷெவ்ரல். சில திரைச்சீலைகளில் கருப்பு நூல் போதிய கருப்பாக இல்லை என்று அவரிடம் புகார் வந்தது. சாயத்தைச் சோதித்தார், குறை எதுவும் இல்லை. கருப்புக்குப் பக்கத்தில் நெய்திருந்த நீலமும் ஊதாவும்தான் அதை வெளிறச் செய்தன. ஒரு நிறம் தன் அண்டை நிறத்தை, வண்ணச் சக்கரத்தில் தனக்கு எதிரே உள்ள நிறத்தின் பக்கமாகத் தள்ளும் என்று 1839இல் விரிவாக எழுதினார். உங்கள் சாம்பலுக்குப் பக்கத்தில் சிவப்பு சார்ந்த ஏதோ ஒன்று இருந்திருக்கும், அதனால் பச்சைப் பக்கம் தள்ளப்பட்டிருக்கிறது. ஓவியர் ஜோசஃப் ஆல்பர்ஸ் 1950 முதல் தன் கடைசிக்காலம்வரை சதுரத்துக்குள் சதுரமாகவே வரைந்துகொண்டிருந்தார். வடிவத்தை மாற்றாமல் நிறத்தை மட்டும் மாற்றினால் அவை ஒன்றையொன்று என்ன செய்கின்றன என்று பார்க்க அதைவிட நேரான வழி இல்லை. தனியாக ஒரு நிறத்தைத் தட்டில் பார்த்து முடிவுசெய்யாதீர்கள். ஒரு துளியைப் படத்தில் அண்டை நிறங்களுக்கு நடுவில் வைத்துப் பார்த்துவிட்டு முடிவுசெய்யுங்கள்.

சேறு ஏன் வருகிறது? ஒவ்வொரு நிறமியும் வெளிச்சத்தின் ஒரு பகுதியை விழுங்கி, மிச்சத்தைத் திருப்பி அனுப்புகிறது. இரண்டைக் கலந்தால் இரண்டும் விழுங்கும். மூன்றாவதைச் சேர்த்தால் திரும்பி வர அதிகம் மிச்சமிருக்காது. ஒரு கலவையில் இரண்டு நிறம், கூடவே வெள்ளை, அதற்கு மேல் போகாதீர்கள். எதிரெதிர் நிறங்களைக் கலந்தால் மங்கும் என்பது குறை மாதிரித் தெரிந்தாலும், அழகான சாம்பல்கள் எல்லாம் அங்கிருந்துதான் வருகின்றன. நீலமும் ஆரஞ்சும் கலந்த சாம்பலுக்கு உயிர் இருக்கும், குழாயிலிருந்து வரும் கருப்பில் வெள்ளை சேர்த்ததற்கு அது வராது. இது என் கருத்து, மற்றவர்கள் மறுக்கலாம்.

பன்னிரண்டு குழாய்களை ஒரே சமயத்தில் திறக்க வேண்டாம். சுவீடன் ஓவியர் ஆண்டர்ஸ் சோர்னின் பெயரால் வழங்கும் நான்கு நிறத் தட்டு ஒன்று உண்டு: வெள்ளை, மஞ்சள் காவி, செந்தூரச் சிவப்பு, கருப்பு. நீலமே கிடையாது. சிவப்புக்கும் மஞ்சளுக்கும் பக்கத்தில் அந்தக் கருப்பே நீலமாக நடந்துகொள்ளும். மனித முகத்தின் ஏறக்குறைய எல்லாச் சாயல்களும் இதற்குள் கிடைத்துவிடும்.

ஒற்றைக்கோடு எழுதியது:

கரித்துண்டு அவர்கள் சொன்னதில் ஓர் இடத்தில் எனக்கு உடன்பாடு இல்லை. டோன் இல்லாததால்தான் ஜாடி தட்டையாகிறது என்றால், உலகத்தில் பாதி ஓவியமரபு தட்டை என்று ஆகிவிடும். பாரசீகச் சிற்றோவியங்களில் தரையில் விழும் நிழல் கிடையாது. சீன, ஜப்பானிய மைத்தூரிகை ஓவியத்தில் ஒரே இழுப்பில் மூங்கில் தண்டு உருண்டு நிற்கிறது. அஜந்தா முதல் குகையில் தாமரை ஏந்தி நிற்கும் போதிசத்துவர் பத்மபாணியின் உடலில் டோனும் இருக்கிறது, மறுக்கவில்லை, ஆனால் புருவத்திலிருந்து விரல்நுனிவரை அந்த உருவத்தைத் தாங்குவது கோடு. ஜெர்மன் ஓவியர் டியூரர் 1514இல் செதுக்கிய செப்புத்தகட்டு அச்சுகளை உருப்பெருக்கியில் பாருங்கள். அங்கே டோன் என்று நாம் நினைப்பதெல்லாம் கோடுகள்தான். உருண்ட இடத்தில் கோடும் உருண்டு போகிறது, தட்டையான இடத்தில் நேராகப் போகிறது.

கோட்டைக் குறை சொல்வதைவிட நல்ல கோடு போடக் கற்றுக்கொடுக்கலாம். ஒரே அழுத்தத்தில் ஓடும் கோடுதான் கெடுக்கிறது. பாரம் தாங்கும் இடத்திலும் வெளிச்சம் படாத பக்கத்திலும் தடித்து, வெளிச்சம் விழும் இடத்தில் மெலிந்து, சில இடங்களில் அறுந்தே போனால், ஒரு துளி ஷேடிங் இல்லாமலே ஜாடி உருளும். ஒரு கோடு இன்னொன்றின் பின்னால் போய் நின்றுவிட்டால் எது முன்னால் எது பின்னால் என்று உடனே தெரிந்துவிடும்.

அப்புறம், அவர் சொல்லாத ஒரு காரணம் உண்டு. ஜாடியின் வாயையும் அடியையும் எப்படிப் போடுகிறீர்கள்? வாயை நீள்வட்டமாகப் போட்டுவிட்டு, மேசைமேல்தானே இருக்கிறது என்று அடியை நேர்கோடாகப் போடுகிறவர்கள் நிறையப் பேர். மேலிருந்து பார்க்கும்போது கண்மட்டத்திலிருந்து கீழே போகப்போக நீள்வட்டம் விரிந்துகொண்டே வரும். வாயைவிட அடியின் வளைவு கொஞ்சம் அதிகமாகவே இருக்கும். ஜாடி கண்ணாடியால் ஆனது என்று நினைத்துக்கொண்டு, பின்பக்கம் மறைந்துள்ள அடி வட்டத்தையும் சேர்த்து முழுசாகப் போட்டுப் பாருங்கள். இது சரியாகாமல் எந்த டோனும் அதைக் காப்பாற்றாது.

கரித்துண்டு எழுதியது:

ஒற்றைக்கோடு சொன்ன அடிவட்டம் மிகச் சரி, அதை முதலில் பாருங்கள். கோட்டைப் பற்றியும் சண்டை இல்லை. ஆனால் தடித்து மெலியும் கோட்டைப் போட எங்கே தடிக்க வேண்டும் என்று தெரிய வேண்டுமே. வெளிச்சம் எங்கிருந்து வருகிறது என்று கண்ணுக்குப் பழகிய பிறகு அந்தக் கோடு தானாக வரும். ஆகவே கற்கும் வரிசையில் டோன் முன்னால், கோடு பின்னால் என்ற என் நிலையில் மாற்றமில்லை.

வண்ணத்துக்கும் அதே பதில். பிரெஞ்சு ஓவியர் மோனே 1872இல் வரைந்த சூரிய உதயத்தை ஒருமுறை வண்ணத்திலும், ஒருமுறை கணினியில் கருப்புவெள்ளையாக்கியும் பாருங்கள். வண்ணத்தில் அந்த ஆரஞ்சுச் சூரியன்தான் படத்தின் உயிர். கருப்புவெள்ளையில் சூரியன் ஏறக்குறைய காணாமல் போய்விடும், ஏனென்றால் அதன் டோனும் சுற்றியுள்ள மேகத்தின் டோனும் கிட்டத்தட்ட ஒன்று. ஹார்வர்டு நரம்பியலாளர் மார்கரெட் லிவிங்ஸ்டன் இதைப் பற்றி எழுதியிருக்கிறார். நம் பார்வையில் நிறத்தைப் பிரித்தறியும் பகுதி வேறு, வெளிச்ச அளவை வைத்து இடத்தையும் அசைவையும் அறியும் பகுதி வேறு. முதல் பகுதிக்குச் சூரியன் தெரிகிறது, இரண்டாவது பகுதிக்கு அநேகமாகத் தெரியவில்லை. அதனால்தான் அது ஓரிடத்தில் நிற்காமல் துடிப்பதுபோல இருக்கிறது. டோனை அறிந்து சமமாக்கியதால் கிடைத்த துடிப்பு அது. எதிர்ப்பக்கம், குண்டுவீச்சுக்கு ஆளான ஊரைப் பற்றிய பிக்காசோவின் கெர்னிகா, 1937. ஏழே முக்கால் மீட்டர் அகலத்துக்குக் கருப்பு, வெள்ளை, சாம்பல் மட்டும். அந்தக் கோரத்துக்கு நிறம் தேவைப்படவில்லை.

இனி படம் பார்ப்பது. ஜப்பானிய ஓவியர் ஹொக்குசாயின் பேரலையை எடுத்துக்கொள்ளலாம், 1831 வாக்கில் வந்த மரச்செதுக்கு அச்சு. எல்லோரும் பார்த்திருப்பீர்கள், ஆனால் பொறுமையாகப் பார்த்தவர்கள் குறைவு. நான் மாணவர்களை முதலில் படத்தைத் தலைகீழாகத் திருப்பச் சொல்வேன். அலை என்ற எண்ணம் போனதும் வடிவங்கள் தெரியும். கருநீலம் ஒன்று, வெளிர்நீலம் ஒன்று, வெறும் காகிதம் ஒன்று, அவை ஒன்றுக்குள் ஒன்று கோத்திருக்கும் விதம் தெரியும்.

பிறகு நேராகத் திருப்பி, கண் எங்கே போகிறது என்று விரலால் தொடரச் சொல்வேன். இடப்பக்கம் அலையின் முதுகில் ஏறி, நுனியில் நகம்போல் வளைந்த நுரையில் திரும்பி, கீழே விழும்போது நேராக ஃபியூஜி மலையில் போய் நிற்கும். உலகறிந்த மலை அங்கே எவ்வளவு சின்னதாக இருக்கிறது! தொடுவானத்தை அவ்வளவு தாழ்வாக வைத்து, அலையை அவ்வளவு அருகில் கொண்டுவந்ததால் வந்த அளவு அது. ஐரோப்பியப் பெர்ஸ்பெக்டிவை அவர் கற்றுத் தன்வழியில் பயன்படுத்திய இடம். இனி முன்னால் உள்ள சின்ன அலையைப் பாருங்கள். கூம்பிய வடிவம், உச்சியில் வெண்மை. மலையின் வடிவமே திரும்ப வருகிறது. உங்கள் இரண்டாவது பட்டியலில் உள்ள தாளம் இதுதான். நுரைத்துளிகள் மலைமேல் பனி பொழிவதுபோல் விழுகின்றன. படகுகளில் குனிந்து ஒட்டிக்கிடக்கும் படகோட்டிகளின் தலைகள் வரிசையாகப் புள்ளிகள். இவ்வளவு நடக்கும் படத்தின் வலப்பக்க மேல்பாதி ஏறக்குறைய வெறுமை. அந்த வெறுமை இல்லாவிட்டால் அலைக்கு விழ இடமில்லை.

எந்தக் கலைவடிவம் என்பதும் இங்கேதான் வருகிறது. ஹொக்குசாய் வரைந்தார், செதுக்குபவர் பலகையில் வெட்டினார், அச்சிடுபவர் நிறம் ஏற்றினார். நிறத்துக்கு நிறம் தனிப் பலகைப் பரப்பு வேண்டும், அதனால் நிறங்கள் எண்ணி எடுத்தவை, பரப்புகள் தெளிவானவை. கரைந்துபோகும் விளிம்பு மரத்தில் எளிதல்ல. வானத்தின் மங்கல் மாற்றம்கூடப் பலகையின் மேல் மையைத் துடைத்துச் செய்வது. அப்போது ஜப்பானில் தாராளமாகக் கிடைக்கத் தொடங்கியிருந்த பிரஷ்யன் நீலம் அந்த ஆழத்தைக் கொடுத்தது. வெர்மீருக்கு மெல்லக் காயும் எண்ணெய் வண்ணம் இருந்தது, விளிம்பைக் கரைக்க முடிந்தது. ஹொக்குசாய்க்கு மரம் இருந்தது, விளிம்பை வெட்ட வேண்டியிருந்தது. எந்தப் படத்தைப் பார்த்தாலும் இது எதனால் செய்யப்பட்டது, அந்தப் பொருள் எதை எளிதாகக் கொடுக்கும், எதைக் கொடுக்க மறுக்கும் என்று கேளுங்கள். பாதி விடை அங்கே வந்துவிடும்.

சட்டகம் எழுதியது:

புகைப்படத்தைப் பற்றி யாரும் சொல்லவில்லை, சுருக்கமாகச் சேர்க்கிறேன். புகைப்படம் எடுக்கும் நாங்கள் எதையும் வைப்பதில்லை, நகர்த்துவதும் இல்லை, நாங்கள்தான் நகர்கிறோம். பிரெஞ்சுப் புகைப்படக்காரர் கார்த்தியே-ப்ரெஸ்ஸோன் 1932இல் பாரிஸில் சேன் லசார் ரயில்நிலையத்துக்குப் பின்னால் எடுத்த படத்தில் ஒருவர் தேங்கிய நீரைத் தாவுகிறார். குதிகால் தண்ணீரைத் தொடப் போகிறது, இன்னும் தொடவில்லை. அந்த நூலளவு இடைவெளிதான் படம். கீழே நீரில் அவர் உருவமே தலைகீழாக இருக்கிறது. பின்சுவரில் ஒட்டிய சுவரொட்டியிலும் ஓர் உருவம் அதேபோல் தாவுகிறது, எதிர்த்திசையில். கோடு, வடிவம், வெளி, தாளம் எல்லாம் ஒரு நொடியில் ஒன்றாக வந்தன, அடுத்த நொடியில் இல்லை. கைபேசியில் கருப்புவெள்ளை முறையை வைத்துக்கொண்டு எடுத்துப் பழகுங்கள், கரித்துண்டு அவர்கள் சொல்லும் டோன் நேரடியாகத் தெரியும்.

மாலைப்பென்சில் எழுதியது:

அடிவட்டத்தை நேர்கோடாகத்தான் போட்டிருக்கிறேன், இப்போதுதான் எடுத்துப் பார்த்தேன். கோப்பையும் விளக்கும் தயார். கரிக்கு எந்தக் காகிதம்? எப்படிப் பிடிப்பது?

கரித்துண்டு எழுதியது:

வழவழப்பான காகிதம் வேண்டாம், கரி அதில் பிடிக்காது, ஊதினால் போய்விடும். கொஞ்சம் சொரசொரப்பாக இருந்தால் போதும், விலையுயர்ந்தது தேவையில்லை. குச்சிக் கரியில் தொடங்குங்கள், துணியால் தட்டினாலே அழியும். அழுத்திச் செய்த கரிக்கட்டி மிகக் கருப்பு, ஆனால் எளிதில் அழியாது. அதைக் கடைசியாக ஐந்தாம் கட்டத்துக்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். பேனா மாதிரிப் பிடிக்க வேண்டாம். விரல் நீளத்துக்கு ஒடித்து, பக்கவாட்டில் படுக்கவைத்து, தோளிலிருந்து கையை அசைத்துத் தேயுங்கள். முழுக் காகிதத்தையும் முதலில் மூன்றாம் கட்டச் சாம்பலாக்கிவிட்டு, பிசையும் ரப்பரால் வெளிச்சத்தை எடுத்தெடுத்துக் கோப்பையை வெளியே கொண்டுவாருங்கள். முடித்ததும் ஃபிக்ஸேட்டிவ் (கரி உதிராமல் பிடித்துவைக்கும் தெளிப்பு) அடிக்கும்போது சன்னலைத் திறந்து வைத்து, காகிதத்திலிருந்து ஒரு கை தூரம் தள்ளி, மெல்லிதாக இரண்டு முறை அடியுங்கள். ஒரே முறை அதிகமாக அடித்தால் நனைந்து டோன் எல்லாம் ஒரு படி இறங்கிவிடும்.